பிளாஸ்டிக்குக்குள் 173371

மேற்குத் தாம்பரம் ஜெராக்ஸ் கடையில் இன்று காலை யாரோ சான்றிதழுக்கு லேமினேஷன் போட்டுக்கொண்டிருந்தார்கள். சூடான பிளாஸ்டிக் வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு உன்மேல் கோபம் வந்தது. நீ இறந்து ஏழு மாதம் ஆகிறது. கோபத்துக்கு அது தெரியவில்லை.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், உடைந்த மின்விசிறிகளுக்கு நடுவே அந்தப் பத்து ரூபாய் நோட்டை முதலில் பார்த்தவன் நான். இதையாவது இப்போது ஒப்புக்கொள். வெள்ளைக்கார ராஜாவின் தலை போட்ட நோட்டு. எண் 173371. எந்தப் பக்கத்திலிருந்து படித்தாலும் ஒன்றேதான். பாதிப் பாதி போட்டு வாங்கினோம். ஆறு மாதம் உன் வீடு, ஆறு மாதம் என் வீடு என்று பேச்சு.

"ராஜாவுக்கு ரெண்டு வூடு மச்சான். உன்னுது பெரிய வூடா, சின்ன வூடா?" என்று சந்தையே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாய்.

உன் முறையின்போதுதான் உன் முடிச்சூரில் வெள்ளம் வந்தது. தண்ணீர் வடிந்ததும் ஓடி வந்தேன். வீடெல்லாம் சேறு. நீ சேர்த்த மற்ற நோட்டுகள் எல்லாம் கூழாகிக் கிடந்தன. நீ மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு இந்த ஒன்றை நீட்டினாய்.

"ஏரி நிரம்புதுன்னதும் ஓடிப்போய் லேமினேஷன் போட்டுட்டேன். ஒரு சொட்டு உள்ள போகல, பாத்தியா!"

"நோட்டைக் கொன்னுட்டியேடா முட்டாள்! இனிமே எவன் இதை மதிப்பான்?"

"நம்பர் தெரியுதுல்ல? அப்புறம் இன்னா?"

நோட்டு சேகரிக்கிறவன் எவனும் செய்யாத காரியம் அது. உருக்கி ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிரித்தால் காகிதமும் கிழிந்து வரும். உனக்கும் அது தெரியும். அன்று கிளம்பியவன் நான் பிறகு உன் வீட்டுப் பக்கம் வரவில்லை. நீயும்தான் வரவில்லை.

உன் பதினாறாம் நாள் காரியத்தில் உன் மனைவி அதை என் கையில் கொடுத்தார். "உங்க முறையாம் அண்ணா. குடுத்துடச் சொன்னாரு."

போன ஞாயிற்றுக்கிழமை குரோம்பேட்டையில் நம் சேகரிப்பாளர் சங்கத்தின் கண்காட்சி. முதுகுக்குப் பின்னால் உன்னை 'லேமினேஷன்' என்று கூப்பிடுவாரே, அந்தச் செயலாளர், என் மேசைக்கு வந்தார்.

"சார், இந்தச் செத்த நோட்டை எடுத்துடுங்க. எல்லாரும் சிரிக்கிறாங்க. உங்க பேருதான் கெடும்."

"சிரிக்கட்டும். வெள்ளத்துல முங்கி எழுந்த நோட்டு இந்த ஹால்ல வேற யார்கிட்ட இருக்கு?"

"இதுக்குக் கிழிஞ்ச காகிதம்கூட வைக்கலாம் சார், பிளாஸ்டிக் வைக்கக் கூடாது. உங்க மத்த நோட்டுக்கும் மரியாதை போயிடும்."

அவர் கண்ணெதிரே என் மற்ற நோட்டுகளை எல்லாம் எடுத்துப் பையில் போட்டேன். இதை மட்டும் மேசை நடுவில் வைத்து, ஹாலை மூடும்வரை உட்கார்ந்திருந்தேன். ஒருவரும் அருகே வரவில்லை. வராவிட்டால் போகட்டும்.

நீ செய்தது முட்டாள்தனம் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆனால் அதைச் சொல்ல எனக்கு மட்டும்தான் உரிமை உண்டு.

ஞாயிறு முதல் நோட்டு என் சட்டைப்பையிலேயே இருக்கிறது. ஜெராக்ஸ் கடையிலிருந்து திரும்பும்போது நல்ல மழை. எங்கும் ஒதுங்கவில்லை, நனைந்துகொண்டே நடந்தேன்.

என் ஆறு மாதம் முடிந்துவிட்டது. பேச்சுப்படி இனி உன் முறை. தரமாட்டேன். வேண்டுமானால் வந்து கேள்.