காட்டாமல் சொன்னது

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. என் உடம்புக்கு ஒன்றுமில்லை, நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். நீயும் மருமகளும் அங்கே சுகமாக இருந்தால் அதுவே எனக்குப் போதும். எடிட்டிங் ரூமுக்கு மறுபடி போகத் தொடங்கிவிட்டேன், அப்பா இல்லாத வீட்டில் நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. இப்போது கையில் இருப்பது பழைய கிரேக்க சோக நாடகம் ஒன்றை இந்தக் காலத்துக் குடும்பக் கதையாக மாற்றி எடுத்த படம். அந்த நாடகங்களில் சாவை மேடையில் காட்ட மாட்டார்களாம். எல்லாம் உள்ளே நடக்கும், ஒரு வேலைக்காரன் வெளியே வந்து நடந்ததைச் சொல்வான், அவ்வளவுதான். எங்கள் டைரக்டர் சும்மா இருப்பாரா, கதையில் வரும் தாய் உயிர்விடுவதைக் குளோசப்பில் எடுத்துத் தள்ளியிருக்கிறார். நான் மொத்தத்தையும் வெட்டிவிட்டு, மூடிய கதவையும் சொல்ல வந்தவன் முகத்தையும் மட்டும் வைத்தேன். ஜனங்க பார்க்கத்தான் டிக்கெட் வாங்குறாங்க, கேட்க இல்லம்மா என்று குதித்தார். போட்டுக் காட்டினேன், பார்த்துவிட்டு எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார். நாளைக்கே திரும்பச் சேர்க்கச் சொன்னாலும் சொல்வார், அந்த மனிதரை நம்ப முடியாது.

இதை எதற்கு எழுதுகிறேன் என்றால், அப்பா போன அன்று ஆஸ்பத்திரியில் சித்தப்பா போனில் எடுத்த வீடியோவை நீ திரும்பத் திரும்பக் கேட்கிறாய். அப்பா உசிரோட இருக்கறப்பவே ஏம்மா எனக்கு ஒரு போன்கூட பண்ணல, நான் என்ன அந்நியனா என்று போன வாரம் அழுதாய். உனக்கு அனுப்பலாம் என்றுதான் நேற்று அதைப் போட்டுப் பார்த்தேன். சித்தப்பா வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. போர்த்திய உடம்பும் பக்கத்தில் நானும்தான் அதில் இருக்கிறோம். எங்கே வெட்டலாம் என்று கை தானாகத் தேடியது, எனக்கே என் மேல் வெறுப்பு வந்து நிறுத்திவிட்டேன். அதை அனுப்ப மாட்டேன், கோபித்துக்கொள்ளாதே. நடந்ததை நானே சொல்கிறேன்.

அன்று மதியம் அப்பா தெளிவாகத்தான் இருந்தார், பக்கத்துக் கட்டில்காரர் குறட்டையைக்கூடக் கிண்டல் செய்தார். திடீரென்று மூச்சு வாங்கியது, நர்ஸ் டாக்டரைக் கூப்பிட ஓடினாள். உன்னைக் கூப்பிட நான் போனை எடுத்தேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, அங்க இப்ப என்ன நேரம் என்று கேட்டார். நடுராத்திரி என்றேன். வேண்டாம்டி, பிள்ளை தூங்கட்டும், எழுப்பாதே என்றார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. பிடித்த கையை அவர் விட்ட பிறகுதான் உனக்குப் போன் செய்தேன்.

இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக வாழ வேண்டும். நீ ராத்திரியெல்லாம் கண்ணை மூடுவதே இல்லை என்று மருமகள் சொன்னாள். அப்பா பேச்சைத் தட்டாதே, தூங்கு.

உன் அம்மா