கொள்ளுக்குக் கட்டம் இல்லை

என் ஆசை பஸ்கார அண்ணனுக்கு,

உன்னைக் கொன்றது நாங்கள். அப்பாவும் நானும் நம் காட்டுக் கொள்ளும். இதை ஊரில் எவரும் சொல்லவில்லை, போலீசும் எழுதவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. திரும்பவும் தை வந்துவிட்டது. உன் பஸ் கவிழ்ந்த வளைவில் சர்க்கார் ஒரு பலகை நட்டிருக்கிறது: ‘மெதுவாகப் போகவும்.’ அந்தப் பலகைக்குக் கீழேயே இந்த வருஷமும் யாரோ கொள்ளுச் செடியைப் பரப்பியிருக்கிறார்கள். பஸ் மிதித்தால் காய் வெடித்து மணி உதிரும். மாடும் வேண்டாம், ஆளும் வேண்டாம். உன் இடத்துக்கு வந்த டிரைவர் ஹாரன் அடித்துச் சிரித்துக்கொண்டே ஏறிப் போகிறான். நீயும் அப்படித்தானே போனாய்?

கப்பி ரோட்டுக்குத் தார் ஊற்றிய வருஷம் பிடித்த பழக்கம் இது. அதற்கு முன் பாறைக்களத்தில்தான் எல்லோரும் அடித்தோம். பாறை பெரிய பண்ணைக்குச் சொந்தம். அவர்கள் சோளம் முடிந்து, கம்பு முடிந்து, குத்தகைக்காரன் முறை வருவதற்குள் பாதிக் கொள்ளை எலி தின்றுவிடும். ரோடாவது பொது என்று நினைத்தோம். அங்கேயும் நேரான இடத்தில் பண்ணையின் சோளக்கதிர் வந்து படுத்துக்கொண்டது. நமக்கு மிஞ்சியது வளைவு.

பஸ் கவிழ்வதற்கு முந்தின நாள் சோறு உண்ணும்போது நீ சொன்னாய், நினைவிருக்கிறதா?

“வளைவுல போடாதீங்கப்பா. டயர் மொட்டையாக் கெடக்குது. வெள்ளைக்காரன் சண்டை முடிஞ்சாத்தான் புது டயருன்னு மொதலாளி சொல்லிப்போட்டாரு.”

அப்பா சிரித்தார். “மாடுன்னாத் தண்ணி காட்டோணும், தீனி போடோணும். உன்ற பஸ்ஸு சும்மா மிதிச்சுட்டுப் போகுது. ஒரு நாளைக்கு மிதிச்சுக் குடு சாமி.”

“மிதிச்சா என்ன தருவீங்க?”

“கொள்ளு ரசம்!”

நீயும் சிரித்துவிட்டாய். அன்று நீ சிரித்திருக்கக் கூடாது அண்ணா. சண்டை போட்டிருக்க வேண்டும்.

மறுநாள் விடிந்ததும் செடியைப் பரப்பியவன் நான். பனியில் நனைந்து கிடந்தது. காய்ந்த பிறகு பரப்பலாம் என்றேன். முதல் பஸ் போய்விடும் என்றார் அப்பா. பரமத்தி வேலூரிலிருந்து வெற்றிலைக் கூடைகளோடு நீ வந்தாய். வளைவில் பிரேக் போட்டாய். சக்கரம் நின்றது, பஸ் நிற்கவில்லை. செடிமேல் வழுக்கிக்கொண்டே போய்ப் பள்ளத்தில் கவிழ்ந்தது.

நான் பள்ளத்துக்கு ஓடினேன். அப்பா என் கையைப் பிடித்து இழுத்தார்.

“கொள்ளை வாரு சாமி! மொதல்ல கொள்ளை வாரு! போலீசு வந்தா நம்மளக் கட்டிப்போடுவாங்க. குத்தகை பூமியும் போயிரும்!”

வாரினேன். ஓட்டியது நீ என்று தெரிந்தே, இரண்டு கையாலும் வாரி வரப்புக்கு அந்தப்பக்கம் போட்டேன். அப்பா புளியமிலாறால் ரோட்டைக் கூட்டினார். பள்ளத்திலிருந்து ஒரு முனகல் கேட்டுக்கொண்டே இருந்தது. அது உன்னுடையதா, உன்னோடு செத்துப்போன வெற்றிலைக்காரப் பெரியவருடையதா? வாராமல் நேரே உன்னிடம் வந்திருந்தால் நீ பிழைத்திருப்பாயா?

போலீஸ் வந்தபோது ரோடு துடைத்த மாதிரி இருந்தது. “ரோட்டுல ஒண்ணுமே இல்லீங்க” என்று அப்பா ரேகை வைத்தார்.

அந்த ரேகையை அண்ணிதான் சுமக்கிறாள். கிணற்றடியில் அவள் குடத்தை இறக்கினால் மற்றவர்கள் நகர்ந்துகொள்கிறார்கள். ‘ஆளைக் கொன்னவன் பொண்டாட்டி’ என்பது காதில் விழுகிற மாதிரிதான் சொல்கிறார்கள். ஒரு நாள் என்னிடம் கேட்டாள்: “ஏந்தம்பி, உங்கண்ணன் நெசமாவே அவ்வளவு வேகமாவா வந்தாரு?” நான் அவள் குடத்தை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டேன்.

ஆடியில்தான் எனக்கு வாய் வந்தது. ஸ்டேஷனுக்குப் போனேன். சேலத்துக்கு அனுப்புகிற விபத்துக் கணக்கை ஏட்டு எடுத்துக் காட்டினார். விபத்துக்குக் காரணம் என்று கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருந்தது: ஓட்டியின் அஜாக்கிரதை, குடி, இயந்திரக் கோளாறு, மழை, கால்நடை. ஒரு விபத்துக்கு ஒரு கோடு. முதல் கட்டத்தில் ஒரு கோடாக நீ இருந்தாய்.

“ரோட்டுல கொள்ளு கெடந்துச்சுங்க” என்றேன்.

“கொள்ளுக்குக் கட்டம் இல்லையேப்பா. மாடு குறுக்கே வந்துச்சுன்னு சொல்லு, அதுக்கு இருக்குது.”

“மாடு வரலீங்களே. டயரும் மொட்டைங்க.”

“டயரு இயந்திரத்துல சேராது, அதுக்கும் கட்டம் இல்ல. சண்டைக் காலத்துல எந்த டயரு மொட்டை இல்ல?” பிறகு கணக்கை மூடிக்கொண்டே சொன்னார்: “உங்கப்பனே ஒண்ணும் இல்லைன்னு ரேகை வெச்சிருக்கான். அவன் வந்து மாத்திச் சொல்லட்டும், பாக்கலாம்.”

எல்லாக் கோடுகளும் முதல் கட்டத்தில்தான் நெருங்கி நிற்கின்றன அண்ணா. அவற்றில் எத்தனை பேர் ஈரக் கொள்ளில் வழுக்கினார்கள்? எத்தனை பேர் விளக்கில்லாத கட்டைவண்டியில் மோதினார்கள்? செத்தவனால் மறுத்துப் பேச முடியாது. எழுதுகிறவனுக்கு அதுதான் வசதி. சேலத்தில் இருக்கிற துரை இந்தக் கணக்கைப் பார்த்து, டிரைவர்கள் பொல்லாதவர்கள் என்று முடிவு செய்து ஒரு பலகை நடுவார். பலகைக்குக் கீழே மறுபடியும் கொள்ளு.

இனி என் கையால் ஒரு செடி ரோட்டில் விழாது. இந்த வருஷம் நம் கொள்ளை வீட்டு வாசலில் வைத்துத் தடியால் அடித்தேன். கை கொப்பளித்தது, கொப்பளிக்கட்டும். உன் கோடு அந்தக் கட்டத்தை விட்டு நகரும்வரை அப்பாவைக் கேட்காமல் ஒரு நாளும் விடமாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

இன்று காலையிலும் கேட்டேன். அண்ணி கம்மங்கூழை ஊற்றி வைத்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். அவள் காதுபடத்தான் கேட்டேன்.

“அப்பா, எந்திரிங்க. ஸ்டேஷனுக்குப் போலாம். அது நம்ம கொள்ளுதான்னு சொல்லுங்க.”

அப்பா வட்டிலைப் பார்த்துக் குனிந்தவர் நிமிரவே இல்லை.

இப்படிக்கு,
பள்ளத்துக்கு வராமல் கொள்ளை வாரிய
உன் தம்பி