காகிதக் கீபோர்டு

செஞ்சி தபால் ஆபீஸ்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மங்கைக்கு,

மகா வால் எழுதுகிறேன். மகாலட்சுமி என்று போட்டால் யாரோ பெரிய மனுஷி என்று நினைத்துவிடுவாய். நலமா? கடிதத்தை முதலில் வார்டன்தான் படிப்பார் என்று உன் அம்மா சொன்னார். வார்டன் அம்மா, வணக்கம். மங்கை மேல் ஒரு தப்பும் இல்லை, எல்லாம் என் தப்பு. படித்துவிட்டு அவளிடம் கொடுத்துவிடுங்கள்.

இங்கே நூல் படித்தவள் மில்லில் நூல் நூற்கிறாய் என்று ஒரு கடி ஜோக் எழுதினேன். எனக்கே சிரிப்பு வரவில்லை. கிழித்துப் போட்டேன். இது இரண்டாவது தாள்.

மதுமதி அக்கா இப்போதும் ஆறு லேப்டாப்பையும் ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு செஞ்சியிலிருந்து நம் ஊருக்கு வருகிறார். ஆனால் முன்போல எல்லாருக்கும் ஒன்றாகக் கம்ப்யூட்டர் வகுப்பு இல்லை. நம் தெருவுக்குச் சனி, ஊர்த் தெருவுக்கு ஞாயிறு. அதே லேப்டாப், அதே பெஞ்சு, கிழமைதான் வேறு. பூபதி ஞாயிற்றுக்கிழமையும் வருவதில்லை. அவன் அப்பா அவனைச் செஞ்சி மளிகைக் கடையிலேயே உட்கார வைத்துவிட்டார். நான் அந்தப் பக்கம் போனால் தராசைப் பார்ப்பான், என்னைப் பார்க்க மாட்டான்.

நான்காம் லேப்டாப்பில் இப்போது நான் மட்டும்தான். ஒருமுறை கீபோர்டில் ஒட்டியிருந்த தமிழ் ஸ்டிக்கர்களை நான் மாற்றி ஒட்டியது ஞாபகம் இருக்கிறதா? எல்லாரும் திண்டாடினார்கள். நீ மட்டும் கண்டுகொள்ளவே இல்லை. கீழே பார்த்தால்தானே! ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டே அடித்து முடித்தாய். என் விளையாட்டு பலிக்காத ஒரே ஆள் நீதான். அதனால்தான் அடுத்தது பெரிதாக இருக்கவேண்டும் என்று நினைத்தேன்.

மங்கை, அந்தக் கல்யாணப் பத்திரிகையை அடித்தது பூபதி இல்லை. நான்.

அக்கா பத்திரிகை அடிக்கச் சொல்லிக்கொடுத்த வாரம் அது. மணமகள் மங்கை என்று போட்டேன். மணமகனுக்கு ஒரு பேர் வேண்டும். பக்கத்து பெஞ்சில் பூபதி தும்மினான். அவ்வளவுதான், வேறு ஒரு காரணமும் இல்லை. பெற்றோர் வரும் நாளில் நம் ஊருக்குப் பஸ் கேட்டு நீ மூன்று வாரமாக அடித்த மனுவைத்தான் அக்கா புரொஜெக்டர் வைத்துச் சுவரில் காட்டுவதாக இருந்தது. அதை எடுத்துவிட்டு இதை வைத்தேன். நீ கத்துவாய், பள்ளிக்கூடத்தைச் சுற்றி என்னைத் துரத்துவாய், எல்லாரும் சிரிப்பார்கள் என்று நினைத்தேன்.

சுவர் அகலத்துக்குப் பெரிய எழுத்தில் வந்தது. பூபதியின் சித்தப்பா சத்தமாகப் படித்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. எந்தத் தெருப் பேரோடு எந்தத் தெருப் பேரைச் சேர்த்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன்தான் எழுதினான் என்று அங்கேயே பூபதியை அடித்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. எப்போதும் மூடாத வாய். மறுநாள் காலையில் ஊர்த் தெரு ஆட்கள் நாலு பேர் உன் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். அப்போதும் திறக்கவில்லை. எட்டாம் நாள் உன் வீட்டில் உன்னை மில் வேலைக்கென்று திண்டுக்கல் பஸ்ஸில் ஏற்றினார்கள். பூபதி ஏன் இப்படிச் செய்தான் என்று நீ என்னிடமே கேட்டு அழுதாய். நான் உன் பையைத் தூக்கிக் கொடுத்தேன்.

போன ஞாயிறு உன் நைனாவிடம் சொல்லிவிட்டேன். அறைவார் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அடிக்கவில்லை. அன்னைக்கே சொல்லியிருந்தா மங்கையை அனுப்பியிருக்க மாட்டீங்களா மாமா என்று கேட்டேன். தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, “அப்பவும் அனுப்பிதான் இருப்பேன்மா. ரெண்டு பேரோட பேரும் பக்கத்துல பக்கத்துல வந்துடுச்சே. யாரு எழுதுனதுன்னு அவங்க இன்னா கேட்டாங்களா?” என்றார். மில்லில் மூணு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்காராம், நடுவில் கூப்பிட முடியாதாம். அப்புறம் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, சாப்டியா என்று என்னைக் கேட்டார். அதற்கு அவர் அறைந்திருக்கலாம்.

உன் பஸ் மனு பத்திரமாக இருக்கிறது. பிரிண்ட் எடுத்து விழுப்புரம் கலெக்டர் ஆபீஸில் கொடுத்துவிட்டேன். கையெழுத்து இடத்தில் உன் பேர்தான். பஸ் இன்னும் வரவில்லை.

ஒன்றுதான் கேட்கிறேன். மன்னித்துவிடு என்று கேட்கவில்லை. அதைக் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. லேப்டாப் வருவதற்கு முன்னால் அக்கா நமக்குச் சார்ட் பேப்பரில் கீபோர்டு வரைந்து பழக்கினாரே, அதேபோல் அளவெடுத்து ஒன்று வரைந்து, எட்டாக மடித்து இத்துடன் வைத்திருக்கிறேன். ஷிப்ட் முடிந்து வந்ததும் படுக்கையில் விரித்து ஒரு பத்து நிமிஷம் அடித்துப் பார். என்னைத் திட்டியே அடி. விரலுக்கு மறந்துபோகக் கூடாது மங்கை.

இதில் விளையாட்டு எதுவும் இல்லை. எல்லா எழுத்தும் அதனதன் இடத்தில் இருக்கிறது. மூன்று தடவை சரிபார்த்தேன், அக்காவிடமும் காட்டினேன். நீ கீழே பார்க்காமலே அடிக்கலாம்.

உன் பக்கத்து இடத்துக்காரி,
மகா