முதல் மீனை விட்டேன்

கோபக்காரிக்கு,

ரொறன்ரோவில் குளிர்ஜாக்கெற்றைக் கழற்றியிருப்பீர். இங்கே மே மாதத்திலும் ஏரியில் பாதி பனிக்கட்டி. விமானம் எங்களை இறக்கிவிட்டுப் போய் மூன்று நாளாயிற்று. மழையும் முதலாளியின் அலட்டலும்தான் மிச்சம்.

"முப்பத்தொண்டு முடியேல்லை, மீன் பிடிக்கப் போறியளோ?" என்று கேட்டீர். "முதலாளி கூப்பிட்டால் மாட்டன் எண்டு சொல்லேலுமே?" என்று கத்திவிட்டு வந்தேன். கறிக்கு மிளகாய்த்தூள் போத்தலையும் நானேதான் எடுத்து வைத்தேன்.

இன்று என் தூண்டிலில்தான் முதல் மீன் பட்டது. முழங்கை நீளம். கொக்கியைக் கழற்றித் திரும்பவும் தண்ணீரில் விட்டேன்.

பிடித்ததை விடுகிறவன்தான் அசல் மீன்பிடிகாரன் என்று முதலாளி முதுகில் தட்டினார். எரிச்சலாக வந்தது. அம்மா செத்து இன்று இருபதாம் நாள், முப்பத்தோராம் நாள் கிரியை முடியும்வரை மீன் சாப்பிடக்கூடாது என்று அவருக்கு நான் சொல்லவேயில்லை.

மிளகாய்த்தூள் போத்தல் திறக்காமலே வீட்டுக்கு வருகிறது.

உம்முடைய மனுசன்