கறுப்புக் குட்டியின் வயிறு

கார்த்திகை, செவ்வாய்க்கிழமை.

எங்கள் வீட்டு வாசலில் குட்டி போட்டிருந்த நாய் நேற்றுக் கரும்பு டிராக்டரில் அடிபட்டுச் செத்தது. அதன் மூன்று குட்டிகளும் இன்னும் கண் திறக்கவில்லை. நாய்க்குட்டிக்கென்றே பால்மாவு விற்கிறார்கள்! சங்கராபுரத்தில் வாங்கி, டப்பாவில் இருந்ததை நானே எழுத்துக்கூட்டிப் படித்துக் கரைத்தேன்.

"நம்ம புள்ளைங்களுக்கே டப்பா பால் வாங்கினது கெடையாது" என்றாள் என் வீட்டுக்காரி அஞ்சலை.

நன்றாகக் குடித்தன. ஆனால் இன்று மூன்றுக்கும் வயிறு உப்பிவிட்டது. கறுப்புக் குட்டி கத்திக் கத்திச் சோர்ந்து போனது. செத்துவிடும் என்றே பயந்து, இருவரும் கூடையோடு மாட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டாக்டரம்மா சிரித்தார். "பால் குடுத்தீங்க சரி, ஒண்ணுக்குப் போக வெச்சீங்களா தாத்தா? இதுங்களுக்குத் தானா போகத் தெரியாது. தாய் நக்கினாத்தான் போவும்."

இத்தனை காலமும் தாய்நாய் பாசத்தில் நக்குகிறது என்றே நினைத்திருந்தேன்.

வெந்நீரில் நனைத்த பஞ்சால் அடிவயிற்றின் கீழே மெல்லத் தடவச் சொன்னார். தடவினேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு என் உள்ளங்கை சூடாக நனைந்தது.

"போவுது, போவுது!" என்று கத்திவிட்டேன்.

"ஊருக்கே சொல்லாதய்யா" என்ற அஞ்சலை, மற்ற இரண்டையும் என் மடியில் வைத்தாள். "இதுங்களும் காத்துக்கினு இருக்குதுங்க."

இப்போது கறுப்பு முனகுகிறது. பாலுக்கா, பஞ்சுக்கா என்று தெரியவில்லை. போய்ப் பார்க்கிறேன்.