வைதேகி என்னிடமே இருக்கிறாள், ருக்கு

என் ருக்குவுக்கு, ஆசையோடு உன் மன்னி எழுதுவது.

நீ தவித்துக் கேட்கக்கூடிய சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் வைதேகி மைசூரில், நாம் இரண்டு பேரும் மருமகளாக வந்த நம் வீட்டில்தான் இருக்கிறாள். முன்பற்கள் இரண்டும் விழுந்துவிட்டன. பள்ளிக்கூடத்தில் கன்னடம் பிரமாதமாக வாசிக்கிறாளாம். தமிழ் எழுத்தைக் காட்டினால் மட்டும் "கொத்தில்லா பெரியம்மா" என்று உதட்டைப் பிதுக்குகிறாள். தெரியாதாம்! உன் பெண்தானே?

இதை வேறு யார் வாசித்தாலும் எனக்கு வெட்கமில்லை. என்னைப் போல ரப்பர் குழாயும் பாட்டிலுமாகக் காலம் தள்ளுகிற பெண் எங்காவது இருந்தால், அவளுக்கும் இது போய்ச் சேரட்டும்.

ஜட்கா வண்டி குடைசாய்ந்து என் முதுகெலும்பில் அடிபட்டதை நீ கூட இருந்து பார்த்தவள். கால்கள் மெல்ல மெல்லத் திரும்பி வந்தன, கைத்தடியோடு நடந்தேன். சிறுநீர் மட்டும் தானாகப் பிரியவே இல்லை. இனி ஆயுசுக்கும் குழாய்தான் என்று டாக்டர் சொன்னதும் இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். குழாயைப் பராமரிக்கும் விதத்தைக் காட்ட நர்ஸ் உன்னைத்தான் கூப்பிட்டாள். நீ நகரவில்லை.

"மன்னிக்கே சொல்லிக் கொடுங்கோ. அவ கைதானே எப்பவும் அவகூட இருக்கப்போறது," என்றாய்.

நீ சோப்பும் சொம்புமாகப் பக்கத்தில் நின்றாய், தொடவில்லை. குழாயைத் தொடுமுன் கை கழுவுவது, அது உடம்புக்குள் போகிற இடத்தைத் தினமும் சோப்புத் தண்ணீரால் துடைப்பது, பாட்டிலை இடுப்புக்குக் கீழேயே வைப்பது, பாட்டிலையும் அதற்குப் போகும் ரப்பரையும் கொதிக்க வைப்பது எல்லாம் ஒவ்வொன்றாக என் கைக்கு வந்தன. பாட்டில் நிரம்பிவிடுமே என்று பயந்து நான் தண்ணீரைக் குறைத்ததையும் நீதான் கண்டுபிடித்தாய். ஜுரம் வந்து படுத்த பிறகுதான் எனக்கே உறைத்தது. அதற்கப்புறம் நான் குடித்து முடிக்கும் வரை டம்ளரை நீ வாங்கிக்கொண்டதே இல்லை.

பண்டிகைக்கென்று கொள்ளேகாலுக்கு, உன் பிறந்தகத்துக்குப் போனாய். குழந்தை மட்டும் அவள் அப்பாவோடு திரும்பி வந்தாள்.

உன் காரியங்கள் முடிந்து சில வாரங்களில் உன் அம்மா வைதேகியை அழைத்துப்போக வந்தாள். எல்லோர் எதிரிலும் கேட்டாள்.

"உன்னையே ஒருத்தர் பாத்துக்கணுமே அலமேலு. குழந்தையை நீ எப்படிப் பாத்துப்பே?"

உன் ஆத்துக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். நீ போனதிலிருந்து வைதேகி என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினாள். அதை எப்படிச் சொல்வது? கொஞ்ச நாள் இருந்து பார்த்துவிட்டு முடிவு செய்யும்படி உன் அம்மாவைக் கேட்டுக்கொண்டேன்.

அவளும் இருந்தாள். நான் தலை பின்னிவிடுவதையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதையும், குழாய்க்குச் சின்னத் தக்கை போட்டு அடைத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போய், வந்ததும் தக்கையை எடுத்துவிடுவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போதா அது அடைத்துக்கொள்ள வேண்டும்?

ஒரு நாள் காலையில் இவரும் உன் ஆத்துக்காரரும் ஆபீசுக்குப் போன பிறகு பாட்டிலைப் பார்த்தேன். காலி. குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று தொடையிலிருந்து பாட்டில் வரை தடவிப் பார்த்தேன். பக்கம் மாறிப் படுத்தும் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. அடிவயிறு கல்லாக இறுக ஆரம்பித்தது. உன் அம்மா "பெருமாளே, பெருமாளே" என்றுகொண்டே கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தாள். இவர் வரட்டும், கொஞ்சம் பொறு என்றாள்.

நான் பொறுக்கவில்லை. எதிர்வீட்டில் சாவியைக் கொடுத்து, குழந்தை வந்தால் தயிர்சாதம் மூடியிருக்கிறது என்று சொல்லி, ஜட்காவுக்கு ஆளனுப்பினேன். ஆமாம், ஜட்காதான். உன் அம்மாவும் கூட ஏறிக்கொண்டாள். வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் அடைத்த குழாயை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டார்கள். அந்த நிமிஷத்துச் சுகத்தை எப்படி எழுதுவேன், ருக்கு! பள்ளிக்கூடம் விடுமுன் வீடு திரும்பிவிட்டோம்.

ஆனால் குழந்தை என் கையை விட்டுப் போய்விட்டாள் என்றே நினைத்தேன். சாயங்காலம் அவளுடைய பாவாடைகளை எடுத்து மடிக்கக்கூடத் தொடங்கிவிட்டேன். உன் அம்மா வந்து அவற்றை என் மடியிலிருந்து எடுத்தாள்.

"பயந்தது நான்தான். உனக்கு எப்போ கிளம்பணும்னு தெரிஞ்சிருக்கு. குழந்தைக்கு ஒண்ணுன்னாலும் நீ இப்படித்தான் கிளம்புவே," என்றாள். கொஞ்சம் கழித்து, "ருக்குவோட ஜுரம் தானா இறங்கிடும்னு நாங்க காத்துண்டே இருந்துட்டோம்," என்றாள்.

இரண்டு பேரும் அழுதோம். மறுநாள் அவள் மட்டும் பஸ் ஏறினாள்.

இப்போது நன்றாகவே இருக்கிறோம். தேர்தல் வந்தது, தெரியுமா? பெண்கள் வரிசையில் கைத்தடியோடு நின்று நானும் ஓட்டுப் போட்டேன். மடிசாருக்குள் குழாய் இருப்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது. வீட்டுக்கு வந்து தக்கையை எடுத்துவிட்டு, சூடாகக் காபி போட்டுக் குடித்தேன். அன்றைக்கு முழுதும் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டே இருந்தேன் என்கிறார் இவர்.

போன வாரம் வைதேகி என் பக்கத்தில் உட்கார்ந்து பூ தொடுத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று, "உங்களை அம்மான்னு கூப்பிடட்டுமா?" என்று கேட்டாள். என் மனசு ஆசைப்பட்டது, ருக்கு. உன்னிடம் எதற்கு மறைக்க வேண்டும்?

"உனக்கு அம்மா ருக்குதான். நான் பெரியம்மா. உனக்கு ரெண்டு பேரும் உண்டு," என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, நீ எப்படிப் பூ தொடுப்பாய் என்று கேட்டாள். இருட்டும் வரை உன்னைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

அவளை நான் வளர்ப்பேன். அம்மா என்கிற பெயரை மட்டும் உனக்கே வைத்திருப்பேன். இது சத்தியம்.

உன் ஓர்ப்படி,
வைதேகியின் பெரியம்மா,
அலமேலு