அந்தக் கம்ப்யூட்டரைக் கெடுத்தது யார்

இன்று காலை அலுவலகத்தில் ஒரு பழைய புரோகிராமை ஓடவிட்டேன். அப்படி ஒரு ஃபைலே இல்லை என்றது லினக்ஸ். ஃபைல் கண்ணெதிரே இருந்தது. பக்கத்து சீட்டுக்காரர் குழம்பினார். எனக்கு மனதுக்குள் உன் குரல் கேட்டது. "ஃபைலு கீதுடி. அது பழைய முப்பத்திரண்டு பிட்டு மெஷினுக்கு எழுதுனது. அத ஏத்திவுட்ற தொண ஃபைலு, லைப்ரரி, அதுதான் இந்த மெஷின்ல இல்ல."

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நாம் டைப் அடித்த அந்த டிடிபி சென்டர். முதலாளி புதிதாக அறுபத்துநான்கு பிட் கம்ப்யூட்டர் வாங்கி, ஃபைல்களை அதில் ஏற்றிவிட்டுப் பழையதை விற்றுவிட்டார். அங்கேயும் லினக்ஸ்தான்; நம் பழைய தமிழ் டைப்பிங் புரோகிராம் அதில் திறக்க மறுத்தது. உன் இருளர் குடியிருப்பின் பட்டா மனுக்கள் எல்லாம் அதற்குள் இருந்தன. திங்கட்கிழமை கலெக்டரிடம் கொடுத்தாக வேண்டும்.

"பழைய லைப்ரரிய தனி ஃபோல்டர்ல வெச்சா போதும் சார். ரெண்டும் பக்கத்துல பக்கத்துல ஓடும். ஒண்ணு மேல ஒண்ண மட்டும் வெக்கக் கூடாது" என்றாய். அவர் காதில் வாங்காமல் சென்னையிலிருந்து தன் மச்சானை வரவழைத்தார். நீ ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்தாய். அந்த ஆள் என் கண் முன்னாலேயே பழைய லைப்ரரியை அதே பெயர்கொண்ட புதியதன் மேல் காப்பி செய்தான். அதோடு எந்தக் கமாண்டும் ஓடவில்லை.

"அந்தப் பொண்ணு இன்னாமோ நோண்டிகினு இருந்துச்சே" என்றான், கூசாமல்.

நீ உள்ளே வரும்போதுதான் முதலாளி சொன்னார்: "எலி புடிக்கிற கைய கம்ப்யூட்டர்ல வெக்க வுட்டேன் பாரு, என்னச் சொல்லணும். ஃபார்மட் பண்ணிடு மச்சான்."

"ஃபார்மட் வேணா சார், மனுவெல்லாம் அழிஞ்சிடும். ஒரு மணி நேரம் குடுங்க." நீ சொன்னது அவ்வளவுதான். லினக்ஸ் சி.டி.யைப் போட்டு மெஷினை எழுப்பினாய். அதிலிருந்தே சரியான லைப்ரரியை எடுத்து அதன் இடத்தில் வைத்தாய், பழையதற்குத் தனி ஃபோல்டர் போட்டாய். புரோகிராம் திறந்தது. மனுக்களை ஒன்றுவிடாமல் பிரிண்ட் எடுத்தாய். முதலாளி கடைக்கு வந்தவர்களிடம் "மச்சான் சரி பண்ணிட்டாரு" என்றார். உன்னிடம் "நாளையிலேர்ந்து வராத" என்றார்.

பஸ்ஸுக்கு நடக்கையில் கேட்டாய். "அந்தாளு பண்ணத நீ பாத்த இல்ல?"

"பாத்தேன்."

"அப்ப வாயில இன்னாடி வெச்சிருந்த?"

அதற்குப் பிறகு நாம் பேசிக்கொள்ளவில்லை. நான் அங்கேயே இரண்டு வருடம் வேலை செய்தேன்.

உன் சாவுக்கு வந்திருந்தேன். அந்த மனுக்களால் கிடைத்த மனையில்தான் உன்னைக் கிடத்தியிருந்தார்கள். உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எம் பொண்ணு அப்பவே சொல்லிச்சிம்மா. பாவம், அவ பயந்துட்டான்னு சொல்லிச்சி."

நான் பயப்படவில்லை. முதலாளி உன் சாதியைக் குத்தி எலி என்று சொன்னபோது அவரைப் பார்த்து நானும் லேசாகச் சிரித்தேன். நீ அதைப் பார்த்தாயா என்பது மட்டும் எனக்கு இன்றுவரை தெரியாது.